மூன்றரை ஆண்டுப் பதவி, முப்பது ஆண்டுப் போராட்டம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நினைவுநாளும் பிறந்தநாளும் ஜூலை மாதத்தில் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. 1886 ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர், 1968 ஜூலை 22ஆம் தேதி காலமானார். பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு இப்போது மருத்துவமனை தினமாக அறிவித்திருக்கிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அங்கே அவர் பெயரில்தான் நடக்கிறது.

மகளிர் தின மேடைகளில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண், சட்டசபைத் துணைத் தலைவரான முதல் பெண், இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று அந்தப் பட்டியல் நீளும்.

அதில் கடைசியாகச் சொல்வது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் பட்டம் பெற்றது 1886ஆம் ஆண்டில். முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டில்தான். அவர் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியும் 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட சில பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை எந்த வகையிலும் குறையப்போவதில்லை. அவர் வாழ்க்கையில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் அதிகம் இருக்கிறது.

சட்டசபையில் அவர் இருந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் மட்டுமே. அங்கே தொடங்கிய சட்டம் நிறைவேற 20 ஆண்டுகள் ஆயின. தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்த மருத்துவமனை எழும்ப 31 ஆண்டுகள் பிடித்தன. பதவி போன பிறகும் எடுத்த காரியத்தை அவர் எப்படி விடாமல் பிடித்திருந்தார் என்பது, அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் பொறுப்பு வகிக்கும் இன்றைய பெண்களுக்கு அந்தப் பட்டியலைவிடப் பயன்படும்.

பையன்கள் கல்லூரியில் ஒரே பெண்

தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் நாராயணசாமியை அவருடைய சொந்தக் குடும்பமே ஒதுக்கி வைத்தது. மகள் வளர்ந்தது தாய்வழி உறவினர்களோடு. அந்த மரபில் பிறந்த பெண்களை ஊர் எப்படிப் பார்க்கிறது, எப்படிப் பேசுகிறது என்பதைச் சிறு வயதிலேயே அருகிலிருந்து கண்டவர் அவர்.

பெண் பிள்ளை பருவமெய்தினால் பள்ளியை விட்டு நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமிக்கும் அதுதான் நடந்தது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையே வீட்டில் கற்றுக்கொடுத்தார். 1902ஆம் ஆண்டு தனித்தேர்வராக எழுதி மெட்ரிக்குலேஷன் தேறினார். தாயாருக்கோ மகளுக்குக் காலாகாலத்தில் திருமணம் முடித்துவிட வேண்டும் என்ற கவலை.

அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். விண்ணப்பம் போனதும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். அவருடைய தாயாரின் பிறப்பையும் இழுத்தார்கள். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார். 1904ஆம் ஆண்டு அந்தக் கல்லூரியின் ஒரே மாணவியாக முத்துலட்சுமி உள்ளே போனார்.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. உடல்நலம் அவ்வளவு நன்றாக இல்லாத மாணவி; வீட்டிலோ பணத் தட்டுப்பாடு. இருந்தும் 1912ஆம் ஆண்டு பட்டத்தோடு பதக்கங்களும் பெற்று வெளியே வந்தார். பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லப்பட்ட அறுவை சிகிச்சைப் பாடத்தில் அவருக்குத்தான் முதலிடம். பிறகு சென்னை எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். அந்தப் பொறுப்பில் அங்கே அமர்ந்த முதல் பெண் அவர்.

நிபந்தனையோடு ஒரு திருமணம்

திருமணம் 1914ஆம் ஆண்டு, 27 வயதில் நடந்தது. அந்தக் காலக் கணக்கில் அது மிகவும் தாமதம். மணமகன் டாக்டர் சுந்தர ரெட்டி, இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை உயர்படிப்பு முடித்தவர். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை முத்துலட்சுமி முன்கூட்டியே வைத்தார். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் சம்மதம். மதச் சடங்கு கட்டாயமில்லாத 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் இருவரும் பதிவு செய்துகொண்டார்கள்.

வாக்குக் கொடுப்பது எளிது. சுந்தர ரெட்டியின் வாக்குக்குச் சோதனை 1925ஆம் ஆண்டு வந்தது. பெண்கள், குழந்தைகள் நோய்களில் உயர்பயிற்சி பெற முத்துலட்சுமி லண்டன் செல்ல வாய்ப்பு வந்தபோது, கணவரும் இரண்டு பிள்ளைகளும் கூடவே கப்பலேறினார்கள். செல்சி மகளிர் மருத்துவமனையில் ஏறக்குறைய ஓராண்டு பயிற்சி. மேற்படிப்புக்கோ பதவி உயர்வுக்கோ வெளியூர் போக வேண்டி வந்தால், விட்டுக்கொடுக்க வேண்டியவர் மனைவிதான் என்ற எண்ணம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 100 ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் மனைவியின் படிப்புக்காகக் குடும்பத்தோடு கடல் கடந்தார் என்பதை அந்த வீடுகளில் யாராவது எடுத்துச் சொல்லலாம்.

லண்டன் போவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1923ஆம் ஆண்டு, அவரை உலுக்கிய மரணம் ஒன்று வீட்டில் நிகழ்ந்திருந்தது. தங்கை சுந்தராம்பாளுக்கு மலக்குடலில் புற்றுநோய். அது முதலில் வயிற்றுக்கடுப்பு என்று தவறாகக் கணிக்கப்பட்டது. உண்மை தெரிய வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அக்காவும் மருத்துவர், அக்காவின் கணவரும் அறுவை சிகிச்சை மருத்துவர். இருந்தும் இளம் வயதிலேயே தங்கை போய்விட்டார்.

லண்டனில் இருந்த நாட்களில் அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையையும் போய்ப் பார்த்தார். இந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனை ஊரில் வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு அவரை விட்டு அகலவில்லை.

வேண்டா விருப்பமாக வந்த பதவி

சென்னை மாகாணம் 1921ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்திருந்தது. சொத்து வரம்புக்கு உட்பட்ட உரிமை அது. ஆகவே வாக்களித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உறுப்பினராகும் கதவு 1926ஆம் ஆண்டு திறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அடையாற்றில் 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம், ஒரு பெண்ணையாவது நியமன உறுப்பினராக்க வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தியது. அந்தச் சங்கத்தில் முன்னணியில் இருந்த முத்துலட்சுமியின் பெயர் முடிவானது.

அவருக்கு அது அத்தனை உவப்பாக இல்லை. மருத்துவத் தொழில் பாதிக்கப்படும், நோயாளிகளைக் கவனிக்க நேரம் போதாது என்ற தயக்கம் இருந்தது. சங்கத்துத் தோழியர் விடவில்லை. 1927ஆம் ஆண்டு அவை கூடியபோது உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு அரைமனதாக இருக்கவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனைப் பிரிவு, பெண் கல்விக்கு நிதி என்று மருத்துவராகக் கண்ட குறைகள் ஒவ்வொன்றும் அவர் வாயிலாக அவைக்கு வந்தன. குழந்தை மணத்தைத் தடுக்க வேண்டும் என்று வாதாடினார். பிரசவ அறையில் பதின்மூன்று, பதினான்கு வயதுத் தாய்மார்கள் படும் பாட்டை நேரில் பார்த்த தொழில்காரர் பேசும்போது, சாத்திரம் பேசியவர்கள் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள். பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று வகுத்த சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டு வந்தது. சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

தாயின் பிறப்பை அவை முன் வைத்து

தேவதாசி முறையை அவர் கையில் எடுத்ததுதான் எல்லாவற்றிலும் கடினமானது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை 1927 நவம்பரில் கொண்டுவந்தார்.

அவர் நினைத்திருந்தால் இதைத் தொடாமல் இருந்திருக்கலாம். மருத்துவராகப் பெயர் வாங்கியாயிற்று, மதிப்பான குடும்பம், மதிப்பான பதவி. புதுக்கோட்டைக் கல்லூரி வாசலில் எதைச் சொல்லி மறித்தார்களோ அதை ஊர் மறந்திருந்த நேரம். அந்தக் கேள்வியை எழுப்பினால் தாயாரின் பிறப்பு மறுபடியும் பேச்சாகும் என்று தெரிந்துதான் எழுப்பினார்.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. சமயத்திலும் கலையிலும் அரசு கைவைக்கக் கூடாது என்று காங்கிரஸ் பிரமுகர் சத்தியமூர்த்தி போன்றோர் வாதிட்டார்கள். இதை அவர் எதிர்பார்த்திருப்பார். அதைவிட வலித்திருக்கக்கூடியது தேவதாசிப் பெண்களிடமிருந்தே வந்த மனு. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள் ஒன்றுகூடி, தங்கள் குலத்தையே விலைமாதர் என்று முத்திரை குத்தாதீர்கள், இசையும் நாட்டியமும் சொத்துரிமையும் எங்கள் கையை விட்டுப் போய்விடும் என்று அரசிடம் முறையிட்டார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டி எழுப்பிய நாகரத்தினம்மாள்தான் அவர்.

அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆண்களின் தயவின்றிச் சொத்து வைத்திருக்கவும், பெண் வாரிசுக்குக் கொடுக்கவும், ஆடிப்பாடிச் சம்பாதிக்கவும் அன்று அந்த மரபுப் பெண்களுக்கு மட்டுமே வழி இருந்தது. முத்துலட்சுமி பார்த்தது வேறொன்று. விவரம் தெரியாத வயதில், சம்மதம் கேட்கப்படாமல் பொட்டுக்கட்டப்படும் சிறுமி. மேதைகளான சில கலைஞர்களை வைத்து, பெயர் தெரியாத பல சிறுமிகளின் கதியை மறைத்துவிட முடியாது என்பது அவர் நிலை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போல அந்த மரபுக்குள்ளேயே இருந்து போராடியவர்களும் இருந்தார்கள். காந்தியடிகளும் ஆதரவாக எழுதினார்.

பிழைப்புக்கு என்ன வழி என்ற கேள்விக்கு 1929ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஒரு பகுதி பதிலைத் தந்தது. கோயில் பணிக்காகக் கொடுக்கப்பட்டிருந்த மானிய நிலங்கள் அந்தப் பணி என்ற கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. பெண் பணியை விட்டு விலகினாலும் நிலம் கையை விட்டுப் போகாது. தடைச் சட்டத்துக்கு முன்பே நிலப் பாதுகாப்பு வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் போட்டுவிட்டு, பாதிக்கப்படுபவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விடவில்லை.

பொட்டுக்கட்டுவதை முழுமையாகத் தடுக்கும் மசோதா 1930ஆம் ஆண்டு அவை முன் இருந்தது. மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் உறுப்பினர் பதவியையே துறந்தார். தம் வாழ்க்கையின் முக்கியமான மசோதா பாதி வழியில் நிற்கிறது என்று தெரிந்தே வெளியேறினார். அது சரியான முடிவா என்று இன்றும் கேட்கலாம். அதன் பிறகு மசோதா 17 ஆண்டுகள் இழுபட்டது. வெளியிலிருந்தபடியே எழுதியும் பேசியும் அமைச்சர்களைச் சந்தித்தும் அதை அவர் உயிரோடு வைத்திருந்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947ஆம் ஆண்டு, அது சட்டமானது.

கதவைத் தட்டிய சிறுமிகள்

அவர் பேச்சைக் கேட்டும் செய்தி அறிந்தும், பொட்டுக்கட்டுவதிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகள் சிலர் 1930ஆம் ஆண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தங்கவைக்க மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். பிராமண விடுதியும் மறுத்தது, பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. மேடையில் பேசிவிட்டு வந்தவர் தம் வீட்டிலேயே அவர்களுக்குப் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. அதுதான் ஔவை இல்லத்தின் தொடக்கம்.

சாதி கேட்காமல் சேர்ப்பது அங்கே விதி. படிப்பும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியைகளாகவும் தாதியராகவும் பெண்கள் அங்கிருந்து வெளியே போனார்கள். 1936ஆம் ஆண்டு அடையாற்றுக்கு மாறிய இல்லம், பள்ளிகளோடு இன்றும் நடக்கிறது.

பன்னிரண்டு படுக்கைகள்

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி பகிரங்கமாகச் சொன்னார். தங்கை இறந்து அப்போது 12 ஆண்டுகள். சொன்னதோடு சரி, உடனே ஒன்றும் நடக்கவில்லை. போர் வந்தது, சுதந்திரம் வந்தது. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறந்துதான் போகிறார்கள், அதற்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணம் அமைச்சர்கள் மட்டத்திலேயே இருந்தது. காலராவும் காசநோயும் ஆயிரக்கணக்கில் உயிரைக் குடித்துக்கொண்டிருந்த நாட்டில் அது வெறும் கல்நெஞ்சப் பேச்சும் அன்று. இருக்கும் பணத்தை எங்கே செலவிடுவது என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. 1949ஆம் ஆண்டு மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கிப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். இரண்டாவது மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை கற்றுத் திரும்பித் தாயாரோடு இணைந்துகொண்டார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாற்றில் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள். கட்டடமும் எளிமை, ஆளும் குறைவு. முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது.

அடுத்த ஆண்டு இளம் பெண் மருத்துவர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். அரசு மகளிர் மருத்துவமனையில் வேலை கிடைத்தும் அதை வேண்டாம் என்றவர். பாதுகாப்பான அரசு வேலையை விட்டு, நிற்குமா நிற்காதா என்று தெரியாத 12 படுக்கை மருத்துவமனைக்குப் போகிறாயே என்று பலரும் வியந்தார்கள். அவர்தான் டாக்டர் வி. சாந்தா. மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரியில் மறையும் வரை, 65 ஆண்டுகளுக்கும் மேல் அதை விட்டு அவர் நகரவில்லை. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன.

முத்துலட்சுமிக்கு 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் கிடைத்தது. முதுமையிலும் ஔவை இல்லம், மருத்துவமனை, மாநில சமூக நல வாரியம் என்று அலைந்துகொண்டுதான் இருந்தார். தன்வரலாறு ஒன்றும், சட்டசபை அனுபவங்களைப் பற்றிய நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார். இரண்டாவது நூல் பதவியைத் துறந்த 1930ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவையில் என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, எது பாக்கி என்று கணக்கு ஒப்படைப்பது போல எழுதிய நூல் அது.

12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்று ஆராய்ச்சிக் கூடமும் பயிற்சிக் கல்லூரியும் சேர்ந்த பெரிய நிறுவனம். வசதியில்லாத நோயாளிகளுக்கு இலவசமாகவும் சலுகைக் கட்டணத்திலும் சிகிச்சை தருகிறது. சுந்தராம்பாளுக்குக் கிடைக்காமல் போன சரியான நோய்க்கணிப்பு, ஊர் ஊராகச் சென்று நடத்தும் ஆரம்பநிலைப் பரிசோதனை முகாம்கள் வழியாக இப்போது கிராமத்துப் பெண்களையும் எட்டுகிறது.